மருந்துப் பிழையும் அதனை உரைக்கும் நெறியும்: திண்டுக்கல் வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாற்றாய்வு

முன்னுரை

நோயைத் தீர்த்தற்குக் கொடுக்கும் மருந்தே நோயாளிக்குத் தீங்காய் முடிதல் இருவகையால் நிகழும். முறைப்படி கொடுத்த மருந்து உண்டவர் உடலோடு ஒவ்வாது தீங்கு செய்தல் ஒன்று. கொடுக்கும் முறையில் நேர்ந்த தவற்றால் தீங்கு செய்தல் மற்றொன்று. முன்னதனை மருந்தின் எதிர்விளைவு என்றும், பின்னதனை மருந்துப் பிழை என்றும் இக்கால மருத்துவ நூலார் வேறுபடுத்துவர். எதிர்விளைவு பல சமயம் முன்னறியப்படாதது; பிழையோ தடுக்கத்தக்கது. ஆதலின் பிழையின் வரலாற்றை ஆராய்தல், அதனைத் தடுக்கும் வழியை ஆராய்தலேயாகும்.

மருந்து மருத்துவர் கையினின்று நோயாளியின் உடலைச் சேருமுன் ஐந்து நிலைகளைக் கடக்கின்றது. மருத்துவர் இன்ன மருந்தென எழுதுகின்றார், அது பிறிதோர் ஏட்டில் பெயர்த்தெழுதப்படுகின்றது, மருந்தாளுநர் எடுத்துக் கொடுக்கின்றார், செவிலியரோ உறவினரோ உட்கொள்ளச் செய்கின்றனர், விளைவு கண்காணிக்கப்படுகின்றது. இவ்வைந்தனுள் எந்நிலையிலும் பிழை புகலாம். முன்னிலையில் புகுந்த பிழையைப் பின்னிலையில் நிற்பவர் கண்டு விலக்கவும் கூடும்.

சிறுமலைக்கும் பழனிமலைத் தொடருக்கும் இடைப்பட்ட திண்டுக்கல் நகரையும் அதனைச் சூழ்ந்த சமவெளியையும் நிலைக்களமாகக் கொண்டு இப்பொருளை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். இவ்வட்டாரம் சித்த மருத்துவ மரபும், கும்பினியார் காலத்து மருத்துவ ஆய்வும், மிசன் மருந்தகமும், விடுதலைக்குப் பிற்பட்ட ஊர்நலப் பணியும் அடுத்தடுத்து நிகழ்ந்த இடம். வட்டார நிகழ்ச்சிகளோடு தொடர்புடைய பிறவிடச் செய்திகளும் வேண்டுமளவு எடுத்துக்கொள்ளப்படும். பிழையைத் தடுக்கும் அறிவு நம் முன்னோரிடம் இருந்தது என்பதும், பிழையை ஒளியாது உரைத்துப் பதிவு செய்யும் வழக்கமே இன்றும் நிறைவுறாது நிற்கின்றது என்பதும் இவ்வாராய்ச்சியால் புலனாகும்.

மருத்துவத்தின் நான்கு கூறு

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் மருந்து என்னும் தலைப்புடையது. அவ்வதிகாரத்தின் இறுதிக் குறள், நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து மருந்து கொடுப்பவன் என மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கின்றது. இவருள் நான்காமவனைப் பரிமேலழகர் விளக்கும்போது, மருந்தைப் பிழை நேராவண்ணம் இயற்றித் தருபவன் என்னும் பொருள்பட உரைக்கின்றார். மருத்துவனையும் மருந்தையும் சொன்ன அளவில் நில்லாது, இடைநின்று கொடுப்பவனையும் மருத்துவத்தின் ஒரு கூறாக ஆசிரியர் எண்ணியதும், அவனுக்குரிய இலக்கணம் பிழையாமையே என உரையாசிரியர் கண்டதும் ஈண்டு உன்னி உணரத்தக்கன.

ஒவ்வொரு கூற்றுக்கும் நந்நான்கு பண்பு வேண்டுமென்றும் அவ்வுரை வகுத்துக் கூறும். மருந்து கொடுப்பவனுக்கு நோயாளியிடத்து அன்பு, தூய்மை, சொல்லியதைச் சொல்லியவாறே செய்யும் ஆற்றல், அறிவு என்பன வேண்டும். நோயாளிக்கு வேண்டுவனவற்றுள் ஒன்று, தன் நோயின் நிலையை எடுத்துரைக்கும் வன்மை. சொல்லியவாறு செய்தல் மட்டும் போதாது, அறிவும் வேண்டும் என்றமையின், மருத்துவர் எழுதியதில் ஐயம் தோன்றுமிடத்து வினவி அறிதலும் கொடுப்பவர் கடமையே என்று கொள்ளலாம். நோயாளியும் வாய்மூடி இருத்தற்குரியர் அல்லர். இற்றைநாள் மருத்துவமனைகளில் செவிலியர்க்குக் கற்பிக்கப்படும் நெறி, உரிய நோயாளி, உரிய மருந்து, உரிய அளவு, உரிய வழி, உரிய நேரம் என ஐந்தாகும். அவ்வைந்தும் நான்காம் கூற்றின் விரிவே எனல் பொருந்தும்.

பெயர் மயக்கமும் எழுத்து மயக்கமும்

பழனியைச் சித்தர் போகரோடு தொடர்புறுத்துவது தமிழ்நாட்டில் நெடுங்காலமாக வழங்கிவரும் மரபு. சிறுமலையும் மூலிகைக்குப் பெயர்பெற்றது. ஆதலின் இச்சமவெளியில் சித்த மருத்துவம் வேரூன்றியது வியப்பன்று. அம்மருத்துவத்தில் பிழை புகும் வாயில்கள் மூன்று.

முதலாவது பெயர். வேம்பு, நிலவேம்பு, சிவனார்வேம்பு என்பன மூன்று வெவ்வேறு செடியினம். ஆமணக்கின் நெய் பேதிக்குக் கொடுக்கப்படுவது; காட்டாமணக்கின் விதையோ நச்சுத்தன்மை உடையது. கற்பூரம் என்பது மரத்தினின்று பெறுவது. இரசகற்பூரம் எனவும் பூரம் எனவும் வழங்குவது பாதரசச் சரக்கு. அப்பூரத்தோடு ஓரினமான வீரம் என்பது அதனினும் பன்மடங்கு கொடிய நஞ்சு. ஒரு முன்னொட்டு விடுபட்டால் மருந்து நஞ்சாகும் நிலை இதனால் விளங்கும். அன்றியும், சித்தர் நூல்கள் சரக்குகளைப் பரிபாஷை எனப்படும் மறைபெயரால் குறிப்பன. தகுதியற்றோர் கையில் கடுமருந்து சேராமைப் பொருட்டு அமைத்த காவல் அது எனலாம். ஆயின் ஆசிரியன் வாய்மொழி அற்றுப்போன பின்னர், அக்காவலே படிப்போரை மயக்கும் வாயிலாயிற்று.

இரண்டாவது எழுத்து. ஏட்டுச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடும் வழக்கம் அரிது. எகர ஒகரங்களின் குறிலும் நெடிலும் வேறுபாடின்றி எழுதப்பட்டன; வீரமாமுனிவர் செய்த சீர்திருத்தம் 18ஆம் நூற்றாண்டினது. ரகரமும் காலும் ஒத்த வடிவின. கொடியும் கோடியும், தென்னும் தேனும் ஒரே வடிவில் நிற்கும் ஏட்டில், இடம் நோக்கியே பொருள் கொள்ளல் வேண்டும். எண்களுள்ளும் ஒன்று ககரத்தையும், இரண்டு உகரத்தையும், எட்டு அகரத்தையும், கால் என்னும் பின்னம் வகரத்தையும் ஒத்தன. இலக்கிய ஏட்டில் இத்தகைய மயக்கம் ஒரு செய்யுளின் பொருளைத் திரிக்கும். மருத்துவ ஏட்டில் ஓர் உயிரைப் போக்கும்.

மூன்றாவது அளவு. குன்றி, பணவெடை, வராகனெடை, கழஞ்சு, பலம் என்னும் நிறைகள் சித்த நூல்களில் பயில்வன. இக்கால வாய்பாட்டின்படி குன்றி 130 மில்லிகிராம், பணவெடை 488 மில்லிகிராம், வராகனெடை 4.2 கிராம், பலம் 35 கிராம் எனக் கொள்ளப்படுகின்றன. பழங்காலத்தில் இவை ஊர்தோறும் வேறுபட்டமையின், ஓர் ஊரில் எழுதிய முறையை மற்றோர் ஊர் நிறைகொண்டு செய்வோர்க்கு இடர் நேர்தல் இயல்பு.

இவ்விடர்களை முன்னோர் அறியாதவர் அல்லர். பாதரசம், நேர்வாளம், சேங்கொட்டை முதலிய கொடிய சரக்குகளைச் சுத்தி செய்யாது மருந்தில் சேர்க்கலாகாது என்பது விதி. அனுபானமும் பத்தியமும் மருந்தோடு சேர்த்தே சொல்லப்பட்டன. தவறாக முடித்த மருந்தால் விளையும் நச்சுக்குறிகளையும், அவற்றுக்குரிய முறிவுகளையும் கூறும் பகுதிகளும் மருத்துவ நூல்களில் உள. பிழை நேரும் என்று எதிர்பார்த்து அதற்கு மாற்றும் வகுத்து வைத்தமை பாராட்டுக்குரியது. எனினும் இன்ன ஊரில் இன்ன மருந்தால் இன்ன தவறு நேர்ந்தது, ஆதலின் இனி இவ்வாறு செய்க எனப் பதிந்து பலர்க்கும் அறிவிக்கும் முறை அம்மரபில் வளர்ந்திலது. அறிவு குருவினிடமிருந்து மாணவனுக்குச் சென்றது. பிழையின் அறிவு பெரும்பாலும் அவ்விருவரோடே நின்றது.

காய்ச்சல் குழுவும் பெயர்த் தொகுதிகளும்

திண்டுக்கல் மூன்றாம் மைசூர்ப் போரில், 1790இல், கும்பினியார் வசமாயிற்று. 1792ஆம் ஆண்டு உடன்படிக்கையால் அவ்வுரிமை உறுதிப்பட்டது. 1809 முதல் 1811 முடிய மூன்றாண்டுகள் கோயம்புத்தூர், மதுரை, திண்டுக்கல், திருநெல்வேலிச் சீமைகளில் கொள்ளைக்காய்ச்சல் ஒன்று பரவியது. அதன் காரணத்தை ஆராயச் சென்னை அரசாங்கம் மருத்துவர் குழு ஒன்றை அமைத்தது. அதன் தலைவர் ஒயிட்லா ஐன்சிலி. அக்குழுவின் அறிக்கை 1816இல் இலண்டனில் நூலாக வெளிவந்தது. நோய் பரவிய இடங்களின் நிலவியல்பு, பயிர்த்தொழில், தட்பவெப்பம் ஆகியவற்றை ஒருங்கு நோக்கி, நேர்ந்த துன்பத்தை எழுத்தில் பதிந்து காரணம் தேடிய முயற்சி அது. கொசுவால் காய்ச்சல் பரவும் என்னும் உண்மை அந்நூற்றாண்டின் இறுதியில்தான் வெளிப்பட்டது. ஆகவே குழுவினர் கண்ட காரணங்கள் இன்று நிலைபெறா. ஆயினும் அவர் மேற்கொண்ட முறை நிலைபெற்றது. தனித்தனியே நிகழும் சாவுகள் ஒருசேரத் தொகுக்கப்பட்டாலன்றிப் பொதுக்காரணம் புலப்படாது என்பதே அம்முறையின் அடிப்படை.

இதே ஐன்சிலி 1813இல் சென்னையில் இந்திய மருந்துப்பொருள் பற்றிய நூலொன்றை வெளியிட்டார். அதனை விரித்து 1826இல் இலண்டனில் இரு தொகுதிகளாக அச்சிட்டார். மருந்துப் பொருள்களின் தமிழ்ப் பெயரும் பிறமொழிப் பெயர்களும் அதனுள் இடம்பெற்றன. ஒரு பொருளைக் கடையில் கேட்டு வாங்கும் மருத்துவர்க்கு அதன் நாட்டுப்பெயர் திட்டமாகத் தெரிதல் இன்றியமையாதது என்பதை அத்தொகுப்பு காட்டுகின்றது.

இந்திய மருந்துநூல் 1868இல் முறைப்படி வெளிவந்தது. அதனை அடுத்து 1869இல் சென்னை மருத்துவர் மொகிதீன் ஷெரீப், அந்நூலுக்குத் துணைநூலாகப் பெயர்த்தொகுதி ஒன்றை இயற்றினார். திருவல்லிக்கேணி மருந்தகத்தில் பணியாற்றிய இவர், மருந்துச் செடிகளின் நாட்டுப்பெயர்களைப் பல மொழிகளிலும் ஆராய்ந்து தொகுத்தார். ஒரு பெயர் பல செடிகளுக்கும், பல பெயர் ஒரு செடிக்கும் வழங்கும் குழப்பத்தைத் தீர்ப்பதே அவர் உழைப்பின் பயன். அகராதி செய்தலும் உயிர்காக்கும் தொழிலாதல் கூடும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

மிசன் மருந்தகமும் தமிழ்வழி மருத்துவமும்

யாழ்ப்பாணத்தில் தொண்டாற்றிய அமெரிக்க மிசனின் கிளையாக 1834இல் மதுரை மிசன் தோன்றியது. திண்டுக்கல்லும் அதன் நிலையங்களுள் ஒன்றாயிற்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்நகரில் தங்கி மருந்தகம் நடத்தியவர் எட்வர்டு செசுட்டர் என்னும் மருத்துவப் பாதிரியார். ஒரு மருத்துவரைச் சுற்றி மருந்து கலப்போரும் கட்டுப்போடுவோரும் பணிசெய்யும் முறை இத்தகைய மருந்தகங்களால் ஊர்ப்புறத்தில் பரவியது. திருக்குறள் கூறிய நான்காம் கூறு, இங்ஙனம் சம்பளம் பெறும் தனித்தொழிலாக வடிவெடுத்தது.

அத்தொழிலாளர் ஆங்கிலத்திலும் இலத்தீன் குறுக்கங்களிலும் எழுதப்பட்ட குறிப்பைப் படித்து, தமிழ் மட்டும் அறிந்த நோயாளிக்கு விளக்க வேண்டியவராயினர். இவ்விடைவெளியை யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய சாமுவேல் பிசுக்கு கிறீன் நன்கு உணர்ந்தார். 1847இல் இலங்கை வந்து 1873வரை அங்கிருந்த அவர், 1860களில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்கத் தலைப்பட்டார். அவரும் அவர் மாணாக்கரும் இரண வைத்தியம் முதலிய நூல்களைத் தமிழில் ஆக்கினர். இந்து பதார்த்த சாரம் என்னும் மருந்துநூல் 1884இல் வெளிவந்தது. கற்பவன் மொழியில் கற்பித்தால் மருந்தின் இயல்பு ஐயமற விளங்கும் என்பது அவர் முயற்சியின் உட்கிடை.

அக்கால மருந்தகங்களில் வழங்கிய எளிய காவல் ஒன்றும் ஈண்டுக் குறிக்கத்தக்கது. கலவை மருந்தை நோயாளி கொணர்ந்த புட்டியில் ஊற்றி, ஒரு வேளைக்கு உண்ணும் அளவு தோன்ற விளிம்பு வெட்டிய தாள்நறுக்கை அதன் புறத்தே ஒட்டித் தருவர். எழுத்தறியாதாரும் அத்தாளைக் கண்டு அளவு பிழையாது உண்பர். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை தமிழ்நாட்டு மருந்தகங்களில் இவ்வழக்கம் இருந்தது. பிழையைத் தடுக்கும் கருவி விலையுயர்ந்ததாதல் வேண்டும் என்னும் நியதி இல்லை.

அளவையும் சட்டமும்

மேலை மருத்துவத்தோடு கிரெயின், மினிம், டிராம் என்னும் ஆங்கில நிறைகள் வந்தன. பின்னர்க் கிராம் அளவை வந்தது. ஒரு கிரெயின் ஏறத்தாழ 65 மில்லிகிராம். ஒரு கிராமோ பதினைந்து கிரெயினுக்கு மேற்பட்டது. இரண்டின் ஆங்கிலக் குறுக்கமும் ஏறக்குறைய ஒன்றாதலின், ஒன்றை மற்றொன்றாகப் படித்தால் அளவு பதினைந்து மடங்காகும். குன்றியும் கழஞ்சும் விளைத்த இடரே புதுவேடம் பூண்டு வந்தது எனலாம். 1955இல் இந்திய மருந்துநூலின் முதற்பதிப்பும், 1956இல் நிறை அளவைத் தரச் சட்டமும் வெளிவந்தமையால் இம்மயக்கம் படிப்படியே நீங்கிற்று.

மருந்தின் தரமும், கொடுப்போர் தகுதியும் சட்டத்தால் வரையறுக்கப்பட்ட வரலாறும் இதனோடு தொடர்புடையது. இராம்நாத் சோப்ரா தலைமையில் 1930–31இல் மருந்து விசாரணைக் குழு ஆராய்ந்தது. அதன் பயனாக 1940இல் மருந்துச் சட்டமும், 1945இல் அதன் விதிகளும், 1948இல் மருந்தாளுநர் சட்டமும் தோன்றின. பதிவு பெற்ற மருந்தாளுநரே மருத்துவர் குறிப்பின்படி மருந்து கொடுத்தற்குரியர் என 1948ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்தது. சித்த, ஆயுர்வேத மருந்துகளில் சேரும் நச்சுச் சரக்குகளுக்கும் விதிகளில் தனிப்பட்டியல் அமைந்தது.

இதே காலத்தில் திண்டுக்கல்லை அடுத்த காந்திகிராமத்தில் ஊர்நலப் பணி தோன்றியது. டெல்லியில் மருத்துவம் பயின்ற டாக்டர் சௌந்தரம், 1947இல் அங்குக் கஸ்தூர்பா மருத்துவமனையைத் தொடங்கினார். ஊர்ப்புறப் பெண்களைச் சேவிகைகளாகப் பயிற்றும் பணியிலும் அவர் ஈடுபட்டார். 1964இல் ஊரக நலவாழ்வுக்கும் குடும்பநலத்துக்கும் தனி நிறுவனம் அவ்விடத்து அமைந்தது. மருத்துவர் அருகிய ஊர்களில் மருந்து கொடுப்பவர் நன்கு பயிற்றப்பட்டாலன்றி மருத்துவம் பயன்படாது என்னும் உணர்வு இப்பணிகளில் உள்ளது.

1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நிறுவப்பட்டது. அரசு மருத்துவமனைகளுக்கு வேண்டும் மருந்துகளை ஒருங்கே கொள்முதல் செய்து, ஆய்வுக்கூடத்தில் சோதித்து, மாவட்டக் கிடங்குகள் வழி அனுப்புவது இதன் முறை. வரையறுத்த பட்டியலும் ஒரேவகை உறையும் இருப்பின், கொடுப்போர் மயங்கும் வாய்ப்புக் குறையும்.

மறைத்தலின் விளைவு

சட்டமும் தரமும் அமைந்த பின்னரும் துன்பங்கள் நேர்ந்தன. 1972இல் சென்னையில், டை எத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சுநீர்மம் கலந்த மருந்துப் பாகினை உட்கொண்டு 15 குழந்தைகள் இறந்தன. அந்நச்சுநீர்மம் அமெரிக்காவில் 1937இலேயே நூற்றுக்கு மேற்பட்டோரைக் கொன்று, அந்நாட்டு மருந்துச் சட்டத்தை மாற்றியமைக்கக் காரணமாயிருந்தது. 1986இல் பம்பாய் மருத்துவமனை ஒன்றில் அதனாலேயே 14 பேர் இறந்தனர். 2025இல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் செய்யப்பட்ட இருமல் மருந்தை உண்டு மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கு மேற்பட்ட குழந்தைகள் மடிந்தன. அம்மருந்திலும் அந்நஞ்சே காணப்பட்டது. இவை செய்பொருளின் குற்றம்; கொடுப்போரின் பிழை அல்ல. எனினும் ஓரிடத்துக் கற்ற பாடம் மற்றோரிடத்துக்குச் சென்று சேராவிடின் அதே சாவு மீண்டும் நிகழும் என்பதை இந்நான்கு நிகழ்ச்சிகளும் வற்புறுத்துகின்றன.

கொடுப்போர் பிழைக்குச் சமோவாத் தீவின் நிகழ்ச்சி தக்க எடுத்துக்காட்டாகும். 2018 சூலையில் அங்குத் தட்டம்மைத் தடுப்பு மருந்துத் தூளைக் கரைத்தற்கு உரிய நீருக்கு மாறாக, காலங்கடந்த தசைதளர்த்தும் மருந்தைக் கலந்து செலுத்தியதால் இரு குழந்தைகள் இறந்தன. செவிலியர் இருவர் 2019இல் சிறைத்தண்டனை பெற்றனர். நிகழ்ச்சியை அடுத்துத் தடுப்பூசித் திட்டம் பல மாதம் நிறுத்தப்பட்டது. மக்கள் நம்பிக்கையும் குலைந்தது. 2019இன் இறுதியில் தட்டம்மை பரவி 83 பேர் உயிரிழந்தனர். அவருட் பெரும்பாலோர் சிறு குழந்தைகள். இரு புட்டிகள் மாறியதால் விளைந்த பிழை இருவரோடு நில்லாது, ஒரு நாட்டின் நம்பிக்கையைக் குலைத்து எண்பதின்மேல் உயிர்களைக் கொண்டது. அதற்கு நான்காண்டுகட்கு முன்னரே, 2014இல், சிரியாவில் அதே வகையான புட்டிமாற்றத்தால் 15 குழந்தைகள் இறந்திருந்தன என்பது இந்நிகழ்ச்சியை மேலும் துயருடையதாக்குகின்றது.

பிழை செய்தவரைத் தண்டித்தலால் மட்டும் பிழை ஒழியுமா என்பது நெடுநாளைய வினா. 1999இல் அமெரிக்க மருத்துவ நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, அந்நாட்டு மருத்துவமனைகளில் தவறுகளால் ஆண்டுதோறும் 44,000 முதல் 98,000 பேர்வரை இறக்கின்றனர் என மதிப்பிட்டது. அவற்றுட் பெரும்பாலனவற்றுக்குத் தனியாள் குற்றத்தினும் பணிமுறையின் குறையே காரணம் என்றும் அது காட்டியது. ஒரே நிறப் புட்டிகளை அருகருகே வைத்தல், இரவுப்பணியில் ஆள் குறைதல், தெளிவற்ற கையெழுத்து என்பன அத்தகைய குறைகள். இவை களையப்படா வழி, ஒருவரை விலக்கி மற்றொருவரை அமர்த்தினும் அவரும் அதே குழியில் வீழ்வர். இந்திய உச்சநீதிமன்றமும் 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில், மருத்துவர்மேல் குற்றவழக்குத் தொடுத்தற்குப் பெருங்கவனக்குறைவு புலப்படல் வேண்டும் என வரையறுத்தது. அதனால் இழப்பீடு கேட்கும் நோயாளியின் உரிமை குறைவதில்லை. அவ்வுரிமையை நுகர்வோர் சட்டத்தின்கீழ் 1995ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்று உறுதிப்படுத்தியுள்ளது.

இற்றைநாள் அறிவிப்பு முறை

இந்தியாவில் மருந்துக் கண்காணிப்புத் திட்டம் 2010 சூலையில் தொடங்கப்பட்டது. 2011 முதல் காசியாபாத்திலுள்ள இந்திய மருந்துநூல் ஆணையம் அதன் தேசிய நடுவமாக விளங்குகின்றது. மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர் மட்டுமன்றி நோயாளியும் அதற்கு அறிவிக்கலாம். பொதுமக்களுக்கான படிவம் தமிழிலும் உண்டு. 1800-180-3024 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணும் உண்டு. அறிவிப்போர் அடையாளம் காக்கப்படும். அறிவித்தல் குற்றத்தை ஒப்புக்கொள்வதாகாது என்பது திட்டத்தின் நெறி. உலக நலவாழ்வு நிறுவனம் 2017இல், மருந்தால் விளையும் தவிர்க்கத்தக்க கொடுந்தீங்கை ஐந்தாண்டில் பாதியாகக் குறைத்தல் என்னும் குறிக்கோளை முன்வைத்தது.

தடுப்பு முறைகளும் வளர்ந்துள்ளன. 2001இல் மூளைமலேரியாவுக்குரிய ஃபால்சிகோ, ஃபால்சிடாப் என்னும் இரு மருந்துப்பெயர்களின் ஒப்புமை பற்றிய வழக்கில், மருந்துப்பெயர் மயக்கம் உயிருக்கு இடராதலின் ஏனைய பொருள்களினும் கடுமையான அளவுகோல் வேண்டும் என உச்சநீதிமன்றம் கூறியது. 2016இல் மருத்துவக் குழுமம், மருந்தின் பொதுப்பெயரைத் தெளிவாகவும், இயன்றவரை ஆங்கிலப் பேரெழுத்திலும் எழுதுமாறு விதித்தது. புள்ளியில்லா ஏடும் தெளிவில்லாக் கையெழுத்தும் விளைக்கும் இடர் ஒன்றே என்பதை இவ்விதி உணர்த்துகின்றது.

ஆயினும் இன்று பிழை நேரும் இடம் வீட்டுக்குள் நகர்ந்துள்ளது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் அரசுத் திட்டத்தால் நீரிழிவுக்கும் இரத்தக் கொதிப்புக்கும் உரிய மருந்துகள் வீடுதேடி வருகின்றன. இன்சுலின் ஒரு மில்லிலிட்டருக்கு 40 அலகுடையதும் 100 அலகுடையதும் என இருவகையாய் விற்கப்படுகின்றது. முன்னதற்குச் சிவப்பு மூடியும், பின்னதற்கு ஆரஞ்சு மூடியும் உடைய ஊசிக்குழல்கள் உரியன. 100 அலகு மருந்தை 40 அலகுக் குழலில் அளந்தெடுப்பின் இரண்டரை மடங்கு மருந்து உடலிற் சேர்ந்து, சருக்கரை அளவு தாழ்ந்து, நோயாளி மயங்கி வீழ்வார். அவ்வாறே, வாரத்துக்கொருமுறை உண்ணவேண்டிய மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை நாள்தோறும் உண்டு இறந்தோர் பல நாடுகளிலும் உளர். கரண்டி என்று மட்டும் எழுதினால், 5 மில்லிலிட்டர் கொள்ளும் தேக்கரண்டியா, 15 மில்லிலிட்டர் கொள்ளும் மேசைக்கரண்டியா என்னும் ஐயம் எழும். குழந்தைக்கு அது மும்மடங்கு வேறுபாடு.

முடிவுரை

பெயர், எழுத்து, அளவு என்னும் மூன்று வாயில்களாலும் பிழை புகுதல் சித்தர் காலத்துக்கும் நம் காலத்துக்கும் பொது. பெயரைத் தெளிவுபடுத்த ஐன்சிலியும் மொகிதீன் ஷெரீப்பும், மொழியைத் தெளிவுபடுத்தக் கிறீனும், அளவைத் தெளிவுபடுத்த மருந்துநூலும் சட்டமும் துணைசெய்தன. எஞ்சி நிற்பது நேர்ந்ததை உரைக்கும் துணிவு.

இத்துணிவுக்கு முன்மாதிரி தமிழ்ப் புலமை மரபிலேயே உண்டு. ஏடுகளை ஒப்புநோக்கிப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் போன்றோர், ஏடுதோறும் கண்ட பாடவேறுபாடுகளை மறையாது அடிக்குறிப்பிற் பதிந்தனர். ஏடெழுதியவரை இகழ்தல் அவர் நோக்கமன்று. அடுத்துப் படிப்போர் வழுவாமை வேண்டியே அவ்வாறு செய்தனர். மருத்துவமனையிலும் நேர்ந்த பிழையும், நேரவிருந்து தவிர்ந்த பிழையும் அங்ஙனமே பதியப்படல் வேண்டும். தவிர்ந்த பிழையைப் பதிதல் மிகவும் பயனுடையது. எவர்க்கும் தீங்கின்றி ஒரு பாடம் அதனாற் கிடைக்கின்றது.

2022 சனவரியில் திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி முறைப்படி திறந்து வைக்கப்பட்டது. அங்கு மருத்துவம் பயில்வோர் இச்சமவெளியின் நோயாளிகளோடு தமிழிற் பேசுவோர். மருந்துறைமேல் காலை, பகல், இரவு எனவும், உணவுக்கு முன், உணவுக்குப் பின் எனவும், வாரம் ஒருநாள் எனின் அந்நாளின் பெயர் சுட்டியும் தமிழில் ஐயமின்றி எழுதும் சொன்முறையை வகுத்துக் கொடுத்தல் தமிழ்த்துறையினர்க்கு இயலும் பணி. ஒரு வேளை என்பது ஒருமுறை என்றும் ஐயம் என்றும் இருபொருள் படுதலை அறிந்தவர் நாமல்லமோ? மருந்து கொடுப்பவரும், ஊட்டும் தாயும், உண்ணும் நோயாளியும் ஐயம் தோன்றியவிடத்து வினவவும், தவறு நேர்ந்தவிடத்து அஞ்சாது உரைக்கவும் இடமிருப்பின், திருக்குறள் வகுத்த நான்கு கூறும் ஒருங்கு நின்று நோயாளியைக் காக்கும்.